உள்ளங்காலைப் பாருங்க, டாக்டர்

"கொசு கடிச்சிருக்கும், மகா."

"உள்ளங்கால்ல கொசு கடிக்குமா மேடம்? பாருங்க, கொப்புளம். கையிலயும் இருக்கு, வாய்க்குள்ள ரெண்டு புண்ணு. அம்மைன்னா வயிறு, முதுகெல்லாம் வந்திருக்கும். இது கை, கால், வாய்ல வர்ற வேற நோய். போன வருஷம் ரெண்டு பிள்ளைங்களுக்குப் பார்த்தேன். இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

ஜூடித்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் அவள். காலையில் சாக்ஸ் மாட்டிவிட்டவளும் அவள்தான். அவள் கண்ணில் படாதது, தொம்மலூர் க்ரெஷ்ஷில் பத்துப் பிள்ளைகளை மேய்க்கிற இந்த மகா கண்ணில் மட்டும் எப்படிப் பட்டது?

லாயிட்டுக்குப் பதிமூன்று மாதம். முதல் பல் முளைத்ததை முதலில் பார்த்ததும் மகாதான். ஆசையாக ஓடி வந்து சொன்னாள். அன்றைக்கு ஜூடித் அவளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

"இதையும் டாக்டர்கிட்ட குடுத்துடுங்க மேடம்." மகா ஒட்டிய கவர் ஒன்றை நீட்டினாள்.

என் பிள்ளையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாதா? ஜூடித் அதை டயப்பர் பையின் அடியில் திணித்தாள். டாக்டரிடம் கொடுக்கவே இல்லை.

டாக்டர் மகா சொன்னதையே சொன்னார். "மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும். ஒரு வாரம் வீட்லயே வச்சுக்குங்க. சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டீங்களே, யார் கவனிச்சது?"

"நான்தான் டாக்டர்."

ஆபீசுக்கு லீவு போட்டாள். கொப்புளங்கள் காய்ந்தன. ஆறாம் நாள் சாயங்காலம், சோபாவைப் பிடித்து நின்ற லாயிட் கையை விட்டான். ஒரு அடி. இரண்டு. மூன்றாவதில் அம்மா மடியில் விழுந்தான்.

ஜூடித் அழுதேவிட்டாள். கண்ணைத் துடைத்ததும் முதல் போன் மகாவுக்குத்தான்.

"மகா! லாயிட் நடந்துட்டான்! நான்தான் முதல்ல பார்த்தேன்!"

"ஐயோ, அப்படியா மேடம்! எனக்குக் குடுத்து வைக்கலியே! வீடியோ எடுத்தீங்களா?"

அந்தக் குரலில் இருந்த ஏக்கம் ஜூடித்துக்கு ஜில்லென்று இருந்தது.

திங்கட்கிழமை க்ரெஷ்ஷுக்குப் பையை அடுக்கும்போது அந்தக் கவர் கையில் தட்டுப்பட்டது. அப்படி என்னதான் எழுதியிருக்கிறாள்? கிழித்தாள்.

'டாக்டர், நாலு நாளா இங்க க்ரெஷ்ல ரெண்டு மூணு அடி நடக்கிற குழந்தை. இன்னிக்கு வந்ததுல இருந்து பாதத்தைத் தரையில ஊனவே மாட்டேங்கறான். அதனாலதான் உள்ளங்காலைப் பார்த்தேன். நீங்களும் பாருங்க. இவன் நடக்கிறது அம்மாவுக்குத் தெரியாது. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. அவங்கதான் முதல்ல பார்க்கணும்.'