எண்பதாம் வாசல்

கணினிக்கும் வாசல்கள் உண்டு. அவற்றுக்கு எண்களே பெயர். அந்த மருத்துவமனையின் குருதிக்கொடை இணையதளம் எண்பதாம் வாசலில் இயங்கியது. அதைத் திறக்கும் உரிமை தலைமைக் கணினி நிர்வாகி ஒருவருக்கே இருந்தது. அவர் காலமான மறுநாள் விதிப்படி அவருடைய கணக்கை நீக்கினார்கள். வேறொருவருக்கு அந்த உரிமையைக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

மின்தடையில் சர்வர் நின்று வாசல் மூடிக்கொண்டபோது, அறுவை அரங்கில் ஒரு தாய்க்கு அரியவகைக் குருதி தேவைப்பட்டது.

“அக்கா, எட்டாயிரத்து எண்பதாம் வாசல்ல ஓட்டிப் பாப்போமா? அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்,” என்றாள் உதவி நிர்வாகிகள் இருவரில் இளையவள்.

“அங்க யாருடி வந்து தட்டுவா? கொடையாளிங்க எல்லாருக்கும் தெரிஞ்சது பழைய வாசல்தான்,” என்ற மூத்தவள், எண்பதையே மீண்டும் முயன்றாள். இருமுறை ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. மூன்றாம் முறை, ‘இவ்வாசல் ஏற்கெனவே திறந்துள்ளது’ என்றது திரை.

திறந்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் எண் மட்டும் இருந்தது. அது நீக்கப்பட்ட கணக்கின் எண்.

“செத்தும் மனுஷன் லீவு எடுக்கலையே!” என்றாள் இளையவள். இருவரும் சிரிக்கவில்லை.

தளத்தில் வேண்டுகோளைப் பார்த்து மாலைக்குள் கொடையாளிகள் வந்தார்கள், தாய் பிழைத்தாள். வாசல் இன்றும் திறந்திருக்கிறது. அதை மூடுவதற்கும் அவருடைய அனுமதியே தேவை. கேட்க ஒருவரும் துணியவில்லை.