காற்று போகும் வழி

பைக் இன்ஜினிலிருந்து கழற்றி மாப்பிள்ளை கொண்டுபோய்ச் சரிசெய்து வாங்கிவந்த சிலிண்டர் ஹெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த மெக்கானிக், தன் வீங்கிய கன்னத்தின் வலியையே மறந்துபோனார். காற்று உள்ளே போகும் துளை, வால்வை நெருங்கி வளைகிற இடத்தில் சங்கின் உட்புறம் போல வழுவழுவென்று இறங்கியது. அவருடைய எந்தக் கருவிக்கும் எட்டாத வளைவு அது. ஞாயிற்றுக்கிழமை பைக் பந்தயத்தையே அதனால்தான் அவர் கைகழுவியிருந்தார்.

"எந்தப் பட்டறையில குடுத்தீங்க மாப்பிள்ளை?"

"முதல்ல ஓட்டிப் பாருங்க மச்சான்."

மாட்டி ஓட்டினார். ஆக்சிலேட்டரைத் திருகியதும், மூக்கடைப்பு விலகியதுபோல் பைக் மூச்சை இழுத்துக்கொண்டு பாய்ந்தது.

"இது மனுஷ வேலையே இல்ல! அந்தக் கையைக் காட்டுங்க, கண்ணுல ஒத்திக்கணும்."

"அப்புறம் பின்வாங்கக் கூடாது."

"எங்க வேணா வரேன்."

கூட்டிப்போன கட்டடத்தின் மாடிப்படியைப் பார்த்ததும் மெக்கானிக்குக்கு வியர்த்தது. ஒரு மாதமாக அவர் டிமிக்கி கொடுத்துவந்த அதே படி.

மேலே, சாய்வு நாற்காலியில், பளீர் விளக்குக்குக் கீழே அவருடைய ஸ்பேர் சிலிண்டர் ஹெட் மல்லாந்து கிடந்தது. ஒரு கையில் குட்டிக் கண்ணாடியும் மறு கையில் பழைய டிரில்லுமாக, பல் டாக்டரான அவர் தங்கை அதன்மேல் குனிந்திருந்தாள்.

"வாண்ணே. கடைவாய்ப் பல்லைக் குடையறதைவிட இது சுலபம். கத்தாது, ஓடாது."

மெக்கானிக் வாயைப் பிளந்தார். பிளந்த வாயை மூடாமலே ஹெட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அதே நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.