வளைவில் ஓர் இருமல்

டிக், டிக், டிக்.

தன் மாதிரி ரயில் வளைவுக்குள் நுழைந்ததுமே ஃபோல்கர்ட் ஓரக்கண்ணால் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் மாதிரி ரயில் சங்கத் தலைவி வீப்கே, தன் சரக்கு வண்டியை அவர் வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். வீப்கேவுக்குப் பாம்புச் செவி.

விளையாட்டரங்கம் நிறையக் கூட்டம். குழந்தைகளின் கூச்சல்தான் இதுவரை காப்பாற்றியது.

நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் சக்கரத்தின் விளிம்பு நகத்தின் கனத்துக்கு மெலிந்துவிடும். சங்கத்தில் அதுதான் சட்டம். பொம்மை ரயிலுக்கோ தடித்த விளிம்பு. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் குட்டி ஆணித் தலைகளில் டிக், டிக்கென்று இடித்துக்கொண்டே போகும்.

நேற்று மாலை ஃபோல்கர்ட் மாட்டியது பொம்மைச் சக்கரம்.

வேறு என்னதான் செய்வார்? நிஜ வளைவைச் சுருக்கினாலும் அவர் வீட்டு முன்னறை போதாது. எல்லாரையும் போல அவரும் வளைவை இறுக்கிப் போட்டு இங்கே கொண்டுவந்து இணைத்தார். அதை யாரும் கேட்பதில்லை. ஆனால் மெல்லிய சக்கரம் அந்த வளைவில் பதினோரு முறை தடம் புரண்டது.

போன வருடம் சங்கத்து ஹாபோ இதே காரியத்தைச் செய்து மாட்டிக்கொண்டார். அவரை வெளியே அனுப்ப முதலில் கை தூக்கியவர் வீப்கே, அடுத்தவர் ஃபோல்கர்ட். இன்று ஹாபோ வாசலருகே ஒரு மேஜையில் குழந்தைகளுக்குப் பொம்மை ரயில் ஓட்டிக் காட்டி, பெரியவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

தெரிந்துபோனால் ஃபோல்கர்ட்டுக்கும் அந்த மேஜைதான். ஆறு குளிர்காலம் உட்கார்ந்து கட்டிய நிலையத்தைக் கழற்றிக் காரில் ஏற்ற வேண்டியதுதான்.

டிக், டிக்.

வீப்கே இருமினார். காலையிலிருந்தே இருமல்தான். ஒவ்வொரு இருமலும் தனக்கான எச்சரிக்கையாகவே ஃபோல்கர்ட்டுக்குப் பட்டது.

தாங்க முடியாமல் வண்டியை நிலையத்தில் நிறுத்தினார். தண்ணீர் பிடிக்க நிஜ நீராவி வண்டியும் அங்கே நாலு நிமிடம் நிற்கும். யாரும் எதுவும் சொல்ல முடியாது. அந்த நாலு நிமிடமாவது மூச்சு விடலாம்.

டிக், டிக், டிக்.

ஃபோல்கர்ட் தன் வண்டியைப் பார்த்தார். நின்றுகொண்டுதான் இருந்தது.

வளைவில் வீப்கேயின் சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது.

வீப்கே இருமினார். பிறகு மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். வீப்கேயின் முகம் காது மடல் வரை சிவந்திருந்தது. மறுபடியும் இருமப் பார்த்தார், தொண்டை ஒத்துழைக்கவில்லை. வண்டி இன்னும் வளைவைத் தாண்டவில்லை.

ஃபோல்கர்ட் பலமாக இருமினார்.

வாசலிலிருந்து ஹாபோ குரல் கொடுத்தார்.

"என்னப்பா, இப்ப ரெண்டு பேருக்கும் இருமலா? இருங்க, கற்கண்டு போட்டு டீ கொண்டு வரேன். போன வருஷம் சக்கரத்த மாத்தினதும் எனக்கும் இதே இருமல்தான்!"