எழுத்துக்கு முகம்

எழுத்துக்குக்கூடவா மூஞ்சி இருக்கும்? கொளஞ்சி குனிந்து உற்றுப் பார்க்கிறாள். சாரம் பகுதியில் இருக்கிற பழம்பொருள் கடையின் பின்கட்டில், ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து, மடியில் இருக்கிற கறுத்த பித்தளைக் கிண்ணத்தை ஈரத்துணியால் துடைக்கிறாள். அழுக்கு விலக விலக, பித்தளையில் பதித்த வெள்ளி மினுங்குகிறது. எந்தக் காலத்து எந்த ஊர்க் கையோ, நெட்டுக்குத்தாக நிற்கிற ஒவ்வொரு அரபி எழுத்தின் உச்சியிலும் கடுகளவு முகம் வைத்திருக்கிறது, ஒன்றுக்குத் தாடிகூட. விளிம்பில் நாய்க்கு முன்னால் முயல் ஓடுகிறது. கிண்ணத்தைத் திருப்பத் திருப்ப நிற்காமல் ஓடுகிறது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. ஒரு முகத்தில் மட்டும் வெள்ளி இல்லை, வெறும் பள்ளம். நேற்று அவளே புளி போட்டு அழுத்தித் தேய்த்த இடம்.

“இன்னாக்கா, கொஞ்சிக்கினு இருக்க?” முதலாளி கலைவாணன் வந்து நிற்கிறான். “பாலிஷ் மிஷின்ல காட்டு. பார்ட்டி நாலு மணிக்கு வந்துடும்.”

“மிஷின்ல வச்சா இந்த மூஞ்சிங்கல்லாம் பேந்துடும் தம்பி.”

“பேந்துட்டுப் போவுது. கறுப்புப் பித்தளைய எவன் வாங்குவான்? உன் வூட்டுக் குத்துவிளக்கு மட்டும் பளபளன்னு இருக்கணுமா?”

அவனே மிஷினைப் போட்டுவிட்டுக் கை நீட்டுகிறான். கொளஞ்சி கிண்ணத்தை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். “இத மட்டும் குடுக்க மாட்டேன் தம்பி,” என்கிறாள், குரல் உயராமல்.