வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

பெர்னிக் நகரின் கால்பந்து மைதானத்தில் மழை சாய்வாக விழுகிறது. பகலிலேயே விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். ஆட்டம் இப்படியே சமனில் முடிந்தாலே போதும், அணி முதல் பிரிவில் நிலைத்துவிடும். பயிற்சியாளர் வெலிகோ எல்லைக் கோட்டின் விளிம்பில் நனைந்துகொண்டு நிற்கிறார். தன் இளமை முழுக்க இதே அணிக்குத் தடுப்பாட்டக்காரராக ஓடியவர். அன்று அவர் ஆடிய இடத்தில் இப்போது இளைஞன் யாவோர் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிறான். மாற்று ஆட்டக்காரர்களை எல்லாம் இறக்கியாகிவிட்டது. அவனை வெளியே எடுக்க வழியில்லை. எதிரணிக்கும் அது தெரிந்துவிட்டது. பந்து அவன் பக்கமே வருகிறது. "உள்ள வாடா யாவோர், உள்ள வா!" வெலிகோவின் குரலை மழையும் கூட்டமும் விழுங்கிவிடுகின்றன. "கத்தி என்னய்யா பிரயோஜனம்? நீயே எறங்கி ஆடேன்!" என்று பின்னால் கூட்டத்திலிருந்து ஒருவன் கத்திவிட்டு, சூரியகாந்தி விதைத் தோலைத் துப்புகிறான். வெலிகோவின் வலது கால், பந்தை மறிப்பதுபோல், தானாகவே கோட்டைத் தாண்டிச் சேற்றில் நீள்கிறது. உதவிப் பயிற்சியாளர் அசென் அவர் கையைப் பிடித்து இழுக்கிறார். "வேணாம்ணே, நடுவர் வெளிய அனுப்பிடுவாரு."

எதிரணி உதைத்த பந்து யாவோரைத் தாண்டிப் போய் வலைக்குள் கிடக்கிறது. அவன் சேற்றில் குப்புறக் கிடக்கிறான். தலையைத் தூக்கியவன் வலையைப் பார்க்கவில்லை, வெலிகோவைத்தான் பார்க்கிறான். அவர் கைகள் மெல்லத் தட்டத் தொடங்குகின்றன. "யாருக்குய்யா கைதட்டுற?" என்று கூட்டம் சீறுகிறது. அவர் நிறுத்தவில்லை. யாவோர் ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கிறான்.