கோமளத்தின் ஐந்தாவது பரீட்சை

"நாலாவது தடவையும் ஃபெயிலா?"

மைசூரிலிருந்து வந்திறங்கிய மகள் பெட்டிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாருக்குத்தான் வராது?

"ஆமாடி. இங்கிலீஷ்ல ஹூ எது, விச் எதுன்னு எல்லாத்தையும் குழப்பி வச்சிருக்கா. இஃப் வந்தா கேக்கவே வேணாம். இவளை அரைகுறையா விட்டுட்டு நான் எப்படி உன்கூட வர்றது?" என்றார் அம்மா பியாட்ரிஸ், முட்டியைத் தேய்த்துக்கொண்டே.

பெங்களூர் விவேக் நகர் வீட்டின் முன்னறையில் பியாட்ரிஸ் மிஸ் நடத்தும் இலவச இங்கிலீஷ் கிளாஸில் இப்போது மிச்சமிருப்பது கோமளம் ஒருத்திதான். ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை முடித்துச் சாயந்திரம் வருவாள்.

அன்றும் வந்தாள். ஜன்னலைப் பார்த்தபடி, "இஃப் ஐ வேர் எ கிளவுட், ஐ வுட் ஸ்லீப் ஆன் நந்தி ஹில்ஸ்" என்றாள். மிஸ் கண்ணை மூடிக்கொண்டு தானும் அந்த மலைக்குப் போய்விட்டார். ரெண்டு பேருக்கும் திரும்பி வர மனசே இல்லை.

பெட்டி வாசலில் அவளைப் பிடித்தாள். "வாயால சொன்னா ஒரு தப்பு இல்ல. பேப்பர்ல மட்டும் எப்படித் தப்பு வருது?"

கோமளம் தலை குனிந்தாள். "வேணும்னுதான் மேடம். நான் பாஸானா மிஸ் கிளாஸை மூடிடுவாங்க. அப்புறம் சாயந்திரமானா யாருக்காகக் காத்துட்டிருப்பாங்க?"

"நாங்க இல்லையா? மைசூர்ல ரூம் ரெடி பண்ணி ஒரு வருஷமாச்சு. உங்களாலதான் மம்மி முட்டி வலியோட இங்க தனியாக் கெடக்குறாங்க."

கோமளத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் அப்படி யோசிக்கவே இல்ல மேடம். நாளைக்கு மிஸ் திரும்ப டெஸ்ட் வைக்கறாங்க, ஒழுங்கா எழுதிடறேன்."

சொன்னபடியே மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். வெளியே தூறல். மிஸ் திருத்திக்கொண்டிருக்க, காபியோடு வந்த பெட்டி சத்தமில்லாமல் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

இருபதுக்கு இருபதும் சரி.

மிஸ் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் தூறலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேனாவை எடுத்து, சரியான விடைகளில் பதினொன்றுக்குப் பெருக்கல் குறி போட்டார்.

பெட்டி சமையலறையில் இருக்கிறாள் என்ற நினைப்பில் திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தார்.

"இந்தத் தடவையும் போச்சுடி, பெட்டி."