செகண்ட்ஸ் வீடு

பொங்கியண்ணன் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்தார்.

“அதப் பாக்காதீங்க, தண்ணி கதவுப் பக்கந்தான் வரும்,” என்றார் வீட்டுக்காரர் தண்டாயுதபாணி. “டைல்ஸ்காரன் வாட்டத்தத் திருப்பி வெச்சுப்போட்டான். நீங்க கட்டறப்ப பக்கத்துலயே நில்லுங்க. ஒரு குடம் தண்ணி ஊத்திப் பாத்துட்டு அப்பறம் ஒட்டச் சொல்லுங்க.”

பொங்கியண்ணனும் அவர் மனைவியும் மூலனூரிலிருந்து வந்திருந்தார்கள். பல்லடத்தில் வீடு கட்டப் போகிறார்களாம். திருப்பூரில் இருக்கும் இந்த வீட்டைப் பற்றி யாரோ சொன்னார்களாம், யோசனை கேட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டு சோபா ஓரமாகக் கிடந்தது.

யோசனை சொல்வதென்றால் தண்டாயுதபாணிக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆனால் கொஞ்ச நாளாக அவர் வாய்க்கு வீட்டில் பூட்டுப் போட்டிருந்தார்கள். மகன் பிரதீப்புக்கு முப்பத்திரண்டு வயது முடிந்துவிட்டது. வாடகை வீட்டுக்குப் பெண் தரமாட்டோம் என்று போகிற இடமெல்லாம் சொன்னதால்தான் இந்த வீட்டையே கட்டினார். கட்டிய பிறகு வந்த இரண்டு நல்ல இடத்தாரிடமும் வீட்டின் குறைகளைத் தானே வரிசையாகச் சொல்லி, இரண்டையும் கோட்டை விட்டார். இனிமேல் பெண் வீட்டார் வந்தால் வாயைத் திறப்பதில்லை என்று மனைவி துளசிமணி அவரிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

இவர்கள் வீடு கட்டப் போகிறவர்கள்தானே. இவர்களிடம் பேச என்ன தடை?

“சைட்டு எந்தப் பக்கம் பாத்ததுங்க?”

“வடக்குங்க,” என்றார் பொங்கியண்ணன்.

“கெழக்குங்க,” என்றார் அவர் மனைவி, அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திசைகூடத் தெரியாமல் வீடு கட்டக் கிளம்பியிருக்கிறார்களே, மேஸ்திரியிலிருந்து கம்பிக் கடைக்காரர் வரை இவர்களுக்கு மொட்டை அடித்துவிடுவார்களே என்று தண்டாயுதபாணிக்குப் பாவமாகிவிட்டது. தெரிந்ததையெல்லாம் சொல்லித்தான் அனுப்புவது என்று முடிவு செய்தார்.

“மொதல்ல போர் போடுங்க. எனக்கு வந்தது உப்புத் தண்ணி, வாயில வெக்க முடியாது. சிமென்டு, கம்பி நீங்களே வாங்குங்க, மேஸ்திரிகிட்ட கூலி மட்டும் பேசுங்க. பூசறதுக்கு முன்னாலயே சுவிச்சு எங்கெங்க வரோணும்னு சாக்பீஸ்ல கோடு போட்டுருங்க. எங்க ஊட்டுல ஒண்ணு பீரோவுக்குப் பின்னால மாட்டிக்கிச்சு.”

“வேலையெல்லாம் ஒரே ஆளுகிட்ட உட்டர்லாங்களா?” என்று கேட்டார் பொங்கியண்ணன்.

“நான் உடலீங்க, அதுதான் என்ற முட்டாள்தனம். எல்லாம் பனியன் கம்பெனி நடத்துன புத்தி. நிட்டிங் ஒருத்தன், டையிங் ஒருத்தன், தையல் ஒருத்தன்னு குடுக்கற மாதிரியே செவுத்துக்கு ஒருத்தன், பைப்புக்கு ஒருத்தன், கரண்டுக்கு ஒருத்தன்னு ஜாப் ஒர்க் குடுத்தேன். பூசுன செவுத்தப் பைப்புக்காரன் ஒடச்சான். ஒட்டுன டைல்ஸக் கரண்டுக்காரன் ஒடச்சான். கேட்டா இவன் அவனச் சொல்றான், அவன் இவனச் சொல்றான். பழுதான செகண்ட்ஸ் பனியன்னா காதர்பேட்டைச் சந்தைல கொறஞ்ச வெலைக்குத் தள்ளீரலாம். செகண்ட்ஸ் ஊட்ட எங்கீங்க தள்றது? பிரிச்சுக் குடுத்தாலும் பொறுப்புக்கு ஒரு ஆள நிறுத்தீருங்க.”

பொங்கியண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். காபி கொண்டுவந்த துளசிமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சமையலறையில் பொங்கியண்ணனின் மனைவி நின்றார். “இந்த ஜன்னல் மட்டும் புதுசா இருக்குதுங்களே?”

“அங்க மொதல்ல வெறுஞ் செவுருங்க. சமைக்கறவளக் கேக்காம நானும் இஞ்சினியரும் முடிவு பண்ணிப்போட்டோம். இவ வேர்த்து ஊத்திக்கிட்டு நின்னா, ஒரு வார்த்த சொல்லல. பையந்தான் என்கூடச் சண்ட போட்டு, கம்பெனிக்கு லீவு போட்டு, செவுத்த இடிச்சு ஜன்னல் வெச்சான். இப்பப் பாதி நாளு இங்க நின்னு சட்னி அரைக்கறதே அவந்தான். நீங்க மொதல்ல ஊட்டுக்காரம்மாவக் கேளுங்க, அப்பறம் இஞ்சினியரக் கேளுங்க.”

அந்த அம்மாள் ஜன்னலையும் துளசிமணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாடியில் மழைக்குக் கசிகிற மூலையையும் காட்டிவிட்டுத்தான் தண்டாயுதபாணி அவர்களைக் கீழே இறக்கினார். துளசிமணி தலையில் அடித்துக்கொண்டாள். “பொண்ணு ஊட்டுக்காரங்ககிட்டயும் இதே கதைதானுங்க. பேசிப் பேசியே கெடுத்தாரு.”

தண்டாயுதபாணியின் முகம் சுருங்கிப்போனது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இரண்டு இடமும் தட்டிப்போனபோது மகன் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது பொங்கியண்ணன் செருப்பை மாட்டாமல் வாசலில் நின்று மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் மெல்லத் தலையாட்டினார்.

“ஏனுங்க, உங்க பையனோட ஜாதகம் ஒரு காப்பி கெடைக்குங்களா?”

தண்டாயுதபாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “மனை பூஜைக்கு உங்க ஜாதகந்தானுங்க பாக்கோணும். உங்க சைட்டுக்கு எம்பையன் ஜாதகம் எதுக்குங்க?”

“சைட்டெல்லாம் இல்லீங்க. பொண்ணுதான் இருக்குது.”